பச்சைக் கூண்டு வண்டியும் எங்கள் குட்டியானையும்

அது எங்கள் கம்பெனி எடுக்கக்கூடிய ஆர்டரே இல்லை. அவ்வளவு சின்னது. இங்கிலாந்தில் ஒரு கிராமத்து அருங்காட்சியகம். பார்க்க வருகிற பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கக் கொஞ்சம் டி-சர்ட் வேண்டுமாம். எங்களுக்கு வழக்கமாக ஆர்டர் பிடித்துத் தரும் ஏஜென்ட், மன்னிப்புக் கேட்கிற தோரணையில் அதை அனுப்பியிருந்தார்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர் கேட்பதை நூல், துணி, சாயம், பிரிண்ட், தையல் என்று பிரித்து, அந்தந்த இடத்தில் சொல்லி வேலை வாங்கி, சொன்ன நாளில் கப்பலேற்றி விடுகிற வேலை. முடியாது என்று பதில் எழுதத்தான் கணினியைத் திறந்தேன். கூடவே வந்த படத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

ஒரு கூண்டு வண்டி. பெரிய பெரிய மரச்சக்கரங்கள். மேலே வில்போல வளைந்த பச்சைக் கூரை, அதன் பக்கவாட்டில் ஒரு குட்டிப் புகைபோக்கி. முன்பக்கம் இரண்டாகத் திறக்கிற கதவு, ஏறிப்போகப் படிகள். சன்னலில் லேஸ் திரை தொங்கியது. குதிரை கட்டி இழுக்கிற வண்டிதான்; ஆனால் அது வீடு. படத்துக்குக் கீழே, பிள்ளைகள் படித்துப் பார்க்க, ரோமானி மொழியில் சில சொற்கள்.

முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஏனுங்க, இத எடுத்தா நம்ம கட்டிங் டேபிள்ல விரிக்கக்கூடப் பத்தாதுங்களே," என்றார். பிறகு படத்தைப் பார்த்தார். "என்னங்க இது, சர்க்கஸ் வண்டியா?"

"இல்லீங்க சார். ரோமானின்னு ஊர் ஊராப் போற சனங்க. இதுக்குள்ளயேதான் குடும்பம் நடத்தியிருக்காங்க. இந்த வண்டிகள வெச்சு ஒரு அம்மா மியூசியம் நடத்தறாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். "அழகாத்தான் இருக்குது. சரி, லைன்ல போட வேண்டாமுங்க. சாம்பிள் ரூம்லயே தெச்சு அனுப்பிருங்க."

நான் எதற்காக அந்த ஆர்டருக்கு அவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய வருடம்தான் என் கணவர் இறந்திருந்தார். அவர் லோடு வண்டி ஓட்டினவர். இந்தப் பக்கம் எல்லாரும் குட்டியானை என்று சொல்வார்களே, அந்தச் சின்ன வண்டி. நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்கும், சாயப்பட்டறையிலிருந்து கட்டிங்குக்கும் துணி உருளைகளை ஏற்றி இறக்குவார். ஒரு நாள் துணியோடு போகிற வழியில் நெஞ்சுவலி. வண்டியைச் சாலையோரம் ஒதுக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, இண்டிகேட்டரையும் எரியவிட்டுவிட்டுத்தான் ஸ்டியரிங்கில் சாய்ந்திருக்கிறார். பின்னால் வந்தவர்கள், யாரோ போன் பேச நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்து ஒதுங்கிப் போயிருக்கிறார்கள்.

அவருடைய நண்பர் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து சாமளாபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில், தறிக்குடோனை ஒட்டி நிறுத்தினார். அப்படியே நின்றது. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. வீட்டில் நானும் மாமியாரும்தான். நான் வண்டிமேல் ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டேன். மாமியார் அந்தப் பக்கமாக நடப்பதையே விட்டுவிட்டார். கடைக்குப் போக வேண்டுமென்றாலும் பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றித்தான் போவார்.

"அத யாருகிட்டயாச்சும் குடுத்துப்போடு கண்ணு. எங்கண்ணுல படவேண்டாம்," என்று அடிக்கடி சொல்வார். நான் சரியென்பேன். செய்யமாட்டேன்.

டி-சர்ட்டில் ஒரு சிக்கல் வந்தது. அந்த வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களில் தங்க நிறத்தில் மயிரிழைபோலக் கோடுகள். பிரிண்டிங் மாஸ்டர் தலையை ஆட்டினார். "இவ்வளவு சன்னமாப் போட்டா மை அடைச்சுக்குமுங்க. ரெண்டு கோட்ட ஒண்ணாப் போட்டுரலாமான்னு கேளுங்க." அதைக் கேட்கத்தான் முதல்முறை அந்த அம்மாவை வீடியோவில் அழைத்தேன். இங்கே மதியச் சாப்பாடு முடிந்த நேரம், அங்கே காலை. எழுபதைத் தாண்டியிருப்பார். வெள்ளை முடியைப் பின்னிச் சுற்றியிருந்தார், காதில் கனத்த தங்க வளையம். கோடுகளைக் குறைக்கலாமா என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"குறைக்காதே மகளே. அந்தக் கோடுதான் வண்டி. இரு, காட்டுகிறேன்," என்றவர் போனை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். ஈரப் புல், ஒரு கோழி, பெரிய தகரக் கொட்டகை. உள்ளே வண்டிகள் வரிசையாக நின்றன. அருங்காட்சியகம் என்றதும் நான் தூணும் மாடியுமாக ஏதோ கற்பனை செய்திருந்தேன். அது அவர் வீட்டுக் கொல்லை. ஒரு மேசையில் டீக் கோப்பைகள், பிள்ளைகள் உட்கார மரப்பெஞ்சுகள், சுவரில் புகைப்படங்கள். அவ்வளவுதான். ஒரு சக்கரத்துக்கு அருகில் முதியவர் ஒருவர் தூரிகையோடு உட்கார்ந்திருந்தார். "என் அண்ணன்," என்றார் அந்த அம்மா. அவர் நிமிராமல் தூரிகையை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

பச்சைக் கூண்டு வண்டிக்குள் ஏறினார். நம் வீட்டுச் சமையலறை அளவுகூட இருக்காது. ஆனால் இல்லாத பொருள் இல்லை. கடைசியில் குறுக்காக ஒரு கட்டில், அதற்கடியில் பிள்ளைகள் படுக்கப் பெட்டிபோல இன்னொரு அறை. மூலையில் கண்ணாடி அலமாரி. பித்தளை விளக்கு. ஏறுகிறவருக்கு இடதுபக்கம், அதாவது வண்டி ஓடும்போது சாலையின் நடுவைப் பார்த்த பக்கம், இரும்பு அடுப்பு.

"எல்லா வண்டியிலும் அடுப்பு இந்தப் பக்கம்தான் இருக்கும்," என்றார். "சாலையோர மரக்கிளைகள் மறுபக்கம் உரசும். புகைபோக்கி அந்தப் பக்கம் இருந்தால் முறித்துவிடும்."

எனக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. லோடு கொஞ்சம் உயரமாக ஏற்றிவிட்டால் எங்கள் வீட்டுக்காரர் பல்லடம் ரோட்டுப் புளியமரங்களைத் திட்டிக்கொண்டே வருவார். இடதுபக்கக் கிளைகள் தார்ப்பாயைக் கிழித்துவிடும். அதைச் சொன்னேன். அந்த அம்மாவும் சிரித்தார். உன் கணவர் வண்டியோட்டியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இறந்துவிட்டார் என்று அன்றைக்குச் சொல்லவில்லை.

பிரிண்டிங் மாஸ்டர் முனகிக்கொண்டே, இன்னும் சன்னமான கண்ணுள்ள மெஷ் வலையைப் போட்டு அந்தக் கோடுகளைக் கொண்டுவந்துவிட்டார். முதல் சாம்பிள் தைத்து வந்ததும், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று செக்கிங் டேபிளில் விரித்து நான் வாய்விட்டுப் படித்தேன். யேக், துயி, த்ரின். பானி. நாக். கான். பால்.

செக்கிங்கில் பிகார்ப் பெண் ஒருத்தி இருந்தாள். ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். சேர்ந்து மாதங்கள் ஆகியும் யாரிடமும் அதிகம் பேசமாட்டாள். நூல் வெட்டும் கத்தரியும் அவளுமாக இருப்பாள். அவள் தலையைத் தூக்கினாள்.

"தீதி, இது எங்க ஊர்ப் பேச்சு," என்றாள்.

"இல்லம்மா. இது இங்கிலாந்துல இருக்கறவங்க பாஷை."

"இல்லை தீதி. பானி, தண்ணி. நாக்," என்று மூக்கைத் தொட்டாள். "கான்," காதைப் பிடித்தாள். "பால்," தன் பின்னலை இழுத்துக் காட்டினாள். "ரெண்டுக்குத் துயின்னு எங்க பாட்டி வீட்டுல சொல்லுவாங்க." அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பக்கத்து மேசைப் பெண்களெல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். பட்டியலின் கடைசியில் 'மனுஷ்' என்று இருந்தது. அதை நான் படித்ததும் தூத்துக்குடிக்காரப் பெண் ஒருத்தி, "அக்கா, இது நம்ம மனுசன்லா!" என்று கத்தினாள். மனுஷ் என்றால் அவர்களுக்கும் மனிதன்தான்.

அன்றைக்கே சாம்பிளைக் காட்ட அந்த அம்மாவை அழைத்தேன். பிகார்ப் பெண்ணையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். இவள் தன் ஊர்ப் பேச்சில் ஒரு சொல் சொல்ல, அங்கே அவர் தம் மொழியில் சொல்ல, நடுவில் நான் எதற்கு என்று தோன்றிவிட்டது. உப்புக்கு இவள் நூன் என்றாள், அவர் லோன் என்றார். கத்திக்கு இருவருமே சூரி என்றார்கள். அந்த அம்மா போனைத் தூக்கிக்கொண்டு அண்ணனிடம் ஓடினார். "இந்தியாவிலிருந்து ஒரு பெண் நம் பேச்சைப் பேசுகிறாள், கேள்!" அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, காது கேளாதவர்களிடம் பேசுவதுபோல உரக்க, "பானி!" என்றார். இவள் வெட்கத்தோடு, "பானி," என்றாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

இவர்கள் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னால் நம் தேசத்திலிருந்து புறப்பட்டுப் போனவர்கள் என்று எங்கோ படித்திருக்கிறேன். படித்தது மனதில் நின்றதில்லை. ஒரு பெண் தன் பின்னலை இழுத்துக் காட்டியபோது நின்றது.

அதன்பிறகு அந்த அம்மா ஆர்டர் விஷயம் இல்லாமலும் அழைப்பார். ஒரு மதியம், "அந்தப் பச்சை வண்டி யாருடையது?" என்று கேட்டேன்.

"என் அம்மாவுடையது. நான் அதற்குள்தான் பிறந்தேன்," என்றார். பிறகு, "அது இருந்திருக்கவே கூடாது," என்றார்.

அவர்களுடைய வழக்கம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒருவர் இறந்துவிட்டால் அவர் வாழ்ந்த வண்டியை எரித்துவிடுவார்களாம். பீங்கான் தட்டுகளை உடைப்பார்கள். துணிமணி, படுக்கை எல்லாம் தீயில். இறந்தவர் நிம்மதியாகப் போக வேண்டும், இருப்பவர்கள் பிடித்து வைக்கக்கூடாது என்பதற்காக. அவர் சிறுமியாக இருந்தபோது தாத்தாவின் வண்டி எரிந்ததைப் பார்த்திருக்கிறார். தங்கக் கோடுகள் கறுத்துச் சுருண்டதை இன்னும் மறக்கவில்லை.

அவருடைய அம்மா இறந்தபோது அண்ணன் மண்ணெண்ணெயோடு வந்து நின்றிருக்கிறார். இவர் வண்டிப் படியில் உட்கார்ந்துகொண்டு எழ மறுத்துவிட்டார். "அம்மா போகட்டும். வண்டி இருக்கட்டும். நாம் எப்படி வாழ்ந்தோம் என்று யாராவது கேட்டால் எதைக் காட்டுவது?" கடைசியில் படுக்கையையும் துணிகளையும் எரித்தார்கள். தட்டுகளை உடைத்தார்கள். வண்டி நின்றது. அண்ணன் அன்றைக்குப் போனவர், பல வருடங்கள் தங்கையிடம் பேசவில்லை.

"பிறகு?"

"ஒரு நாள் பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். பெஞ்சில் கடைசியில் ஒரு கிழவன். நான் பேசி முடித்ததும் எழுந்து, 'சக்கரம் இந்த மஞ்சள் இல்லை, வைக்கோல் மஞ்சள். யார் இப்படிக் கெடுத்தது?' என்றான். நான்தான் அடித்தேன் என்றேன். மறுநாள் பெயின்ட் டப்பாவோடு வந்துவிட்டான். அதோ, இன்னும் அடித்துக்கொண்டே இருக்கிறான்."

அப்போதுதான் எங்கள் வண்டியைப் பற்றிச் சொன்னேன். என் கணவர் எப்படிப் போனார், தார்ப்பாய், பின்சந்து வழியாகப் போகிற மாமியார், எல்லாவற்றையும். ஆங்கிலத்தில் அழுவது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

வைத்துக்கொள் என்றோ விட்டுவிடு என்றோ அவர் சொல்லவில்லை. "அது நகர்ந்ததா, நின்ற இடத்திலேயே நிற்கிறதா?" என்று கேட்டார்.

"நின்ற இடத்திலேயே."

"அப்படியானால் முதலில் கொஞ்சம் நகர்த்து. எந்த வண்டியும் நின்றே இருந்தால் சக்கரத்தில் ஒரே இடத்தில் பாரம் இறங்கி அது அங்கேதான் முதலில் கெடும். என்ன செய்வது என்பதைப் பிறகு யோசிக்கலாம். சக்கரம் அதுவரை காத்திருக்காது."

அன்று சாயங்காலம் மாமியாரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொல்லவேண்டியிருந்தது.

"பாயையும் துணியையும் எரிச்சுப்போட்டு, வண்டிய வெச்சுக்கிட்டாங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்கத்தை."

"அண்ணங்காரன் ஒத்துக்கிட்டானா?"

"அப்ப ஒத்துக்கலீங்க. பொறகு அவரே வந்து பெயின்ட் அடிக்கறாருங்க."

அவர் உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஞ்சர் கடைக்காரரைக் கூப்பிட்டு நான்கு டயருக்கும் காற்றடித்தேன். தார்ப்பாயை இழுத்தபோது உள்ளேயிருந்து ஓணான் ஒன்று ஓடியது. பேட்டரி செத்துப்போயிருந்தது. தள்ளுவதற்குத் தறிக்குடோனிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நான் உள்ளே உட்கார்ந்து, அவர்கள் சொன்னபடி பிரேக்கை விடுவித்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். வண்டி அசையவில்லை. மண்ணோடு மண்ணாகப் பதிந்திருந்தது. "இன்னுங் கொஞ்சம், தம் புடிங்க," என்று யாரோ கத்தினார்கள். சட்டென்று ஒரு குலுக்கல். வண்டி முன்னால் நகர்ந்தது. கண்ணாடியில் பார்த்தேன். தள்ளுகிறவர்களுக்கு நடுவில், பின்கதவில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகி, மாமியார் நின்றிருந்தார்.

எல்லாரும் போன பிறகு அவர் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். முன்னால் ஒட்டியிருந்த முருகன் படத்தில் பூ கருகிச் சருகாகியிருந்தது. சீட்டின் மேலுறையில் அவர் மகன் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. அதைக் கையால் தடவினார். தட்டித் தட்டிச் சரிசெய்யப் பார்த்தார். சரியாகவில்லை. அந்த இடத்திலேயே, கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். சாவு வீட்டில்கூட அவர் அப்படி அழவில்லை. வந்தவர்களுக்கு இலை போடவும் தண்ணீர் வைக்கவும் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தத் தோள் எவ்வளவு சின்னதாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத மட்டும் எடுத்துரு கண்ணு," என்றார்.

சீட்டு உறையை நான்தான் கழற்றினேன். வீட்டுக்காரரின் துண்டு ஒன்று கிடந்தது, அதையும் எடுத்தேன். மாமியார் வாசலின் ஓரத்தில் தேங்காய் மட்டைகளை அடுக்கி, தாமே தீ வைத்தார். உறை மெதுவாகத்தான் பிடித்தது. பிறகு சடசடவென்று எரிந்தது. "போயிட்டு வா சாமி," என்றார். மகனைச் சின்ன வயதில் அப்படித்தான் கூப்பிடுவாராம். தீ அணைந்ததும் சாணி கரைத்து அந்த இடத்தைத் தெளித்தார். வண்டியை ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம்.

அடுத்த நாள் காலை அவர் முன்வாசல் வழியாகக் கடைக்குப் போனார்.

வண்டியை வைத்துக்கொண்டால் ஓட்ட ஆள் வேண்டுமே. நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். கற்றுக்கொடுத்தவர் பொறுமைசாலி. "மேடம், கிளட்ச்ச உட்டா வண்டி நிக்குமுங்க, அழுதா ஸ்டார்ட் ஆகாதுங்க," என்பார். லைசென்ஸ் கைக்கு வந்தும், லாரிகள் நடுவில் போகப் பயந்து ஓரமாகவே உருட்டுவேன். பிகார்ப் பெண்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாஸ்டலிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது. ஆனாலும் எதிரில் பஸ் வந்தால் இல்லாத பிரேக்கை இரண்டு காலாலும் மிதிப்பாள். நாங்கள் சிரித்துச் சிரித்தே என் பயம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. மாமியார் அவளுக்கு ராகிக்களியும் கீரையும் போடுவார். அவள் எங்கள் அடுப்பில் லிட்டி என்கிற கோதுமை உருண்டை சுட்டுத் தருவாள். இருவருக்கும் பொதுவான பாஷை கிடையாது. இருவரும் பேசிக்கொண்டேதான் இருப்பார்கள்.

டி-சர்ட்டுகள் போய்ச் சேர்ந்தன. அந்த அம்மா படங்கள் அனுப்பினார். பெஞ்சில் வரிசையாகப் பிள்ளைகள், எல்லார் மார்பிலும் பச்சைக் கூண்டு வண்டி. அண்ணனும் ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தார், தொப்பை தெரிய. கோடுகளை அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாராம். பார்த்துவிட்டு, "பரவாயில்லை," என்றாராம். "அவன் வாயிலிருந்து அது பெரிய சொல்," என்று அந்த அம்மா எழுதியிருந்தார். பிரிண்டிங் மாஸ்டரிடம் சொன்னேன். ஒரு வாரம் அதையே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் வண்டியின் படத்தை நானும் அனுப்பினேன். அதன் பக்கவாட்டில் ஏன் ஒரு கோடுகூட இல்லை, உங்கள் ஊரில் பெயின்டர்களே கிடையாதா என்று அண்ணன் கேட்டதாகப் பதில் வந்தது.

இப்போது அந்த வண்டிக்கு ஒரு டிரைவரைப் போட்டிருக்கிறேன். வாரநாட்களில் அவர் துணி ஏற்றுகிறார். ஞாயிற்றுக்கிழமை சாவி என்னிடம். சென்ற மாதம் மாமியார், மடத்துக்குளத்தில் இருக்கிற தங்கையைப் பார்க்க வேண்டும் என்றார். பஸ்ஸில் போகலாமா என்று கேட்டேன்.

"நம்ம வண்டி எதுக்கு நிக்குது?" என்றார்.

உடுமலையைத் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. காற்றாலைகள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. வழியெல்லாம் அவர் சன்னலில் கையை வைத்துக்கொண்டு, எந்தத் தோட்டம் யாருடையது, எந்தக் கிணற்றில் தண்ணீர் வற்றாது என்று சொல்லிக்கொண்டே வந்தார். தங்கை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் உள்ளேயிருந்து எல்லாரும் ஓடி வந்தார்கள். சித்தி என்னைப் பார்த்துவிட்டு, டிரைவரைத் தேடி வண்டியைச் சுற்றி வந்தார்.

"ஏனக்கா, யாரு ஓட்டிக்கிட்டு வந்தது?"

"எம் மருமவதான். வேற யாரு ஓட்டுவாங்க?" என்றார் மாமியார். இறங்குவதற்கு யார் கையையும் பிடிக்கவில்லை. "முதல்ல அவளுக்குக் குடிக்க மோர் கொண்டா."

திரும்பி வரும்போது பின்னால் இளநீர்க் குலைகளை ஏற்றிவிட்டிருந்தார்கள். பல்லடம் வருவதற்குள் மாமியார் வாயைத் திறந்தபடி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். கியர் மாற்ற முடியாதபடி அவருடைய முழங்கை இடித்தது. எழுப்ப மனம் வரவில்லை. மூன்றாவது கியரிலேயே, மெதுவாக, ஊர் வந்து சேர்ந்தேன்.